பாலியேட்டிவ் பிறந்த கதை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டக்குளங்கரை வழியாகத் தெற்கே போனால் மணக்காடு. நோயாளிகளின் வீடுகளுக்கே தேடிப் போய்ப் பார்க்கும் ‘பாலியம் இந்தியா’ இயங்குவது அந்தப் பக்கம்தான். கேரளத்தில் ‘பாலியேட்டிவ்காரங்க வர்றாங்க’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாலியேட்டிவ் என்றால் நோவைத் தணிக்கும் கவனிப்பு. தீராத நோயிலும் மனிதரை நோவில் தவிக்க விடக்கூடாது என்ற பிடிவாதம் இங்கே ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது.

விதை விழுந்தது கோழிக்கோட்டில். அங்கே மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்தவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். புற்றுநோயால் துடித்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அவர் நரம்பில் ஊசி போட்டார். நோவு அடங்கியது. மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டார் ஆசிரியர். வலி திரும்பினால் வந்தால் போதும் என்றார் டாக்டர். தன் நோய் தீராது என்பது ஆசிரியருக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்ற உறுத்தலை ராஜகோபால் பிற்பாடு பல மேடைகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

1993இல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி நிவாரண சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தடை மருந்துதான். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினைக் கையிருப்பில் வைக்கவே மருத்துவமனைகள் பயந்தன. மார்ஃபினுக்கு மூலமான அபினை அரசே உரிமம் கொடுத்துப் பயிரிட வைக்கும் நாட்டில் நோயாளிக்கு மாத்திரை கிடையாது! இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

மருந்து கிடைத்தால் செய்முறை எளிது. வலி வந்தபின் ஓடி வந்து கொடுப்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்து, வாய் வழியாகக் கொடுக்கிறார்கள். ராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது இரட்டை அளவு. மார்ஃபின் மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கும் கூடவே ஒரு மாத்திரை. அழுகி நாற்றமெடுக்கும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறார்கள். சில நாளில் நாற்றம் தணிகிறது. வாசலோடு நின்ற பேரப்பிள்ளை கட்டிலில் ஏறி உட்காருகிறது. நோயாளி சாப்பிடக் கேட்கிறார்.

‘மனசைச் சந்தோஷமா வச்சுக்கோங்க’ என்று படுக்கையில் கிடப்பவரிடம் சொல்லிவிட்டு வருகிறோமே, அந்த அறிவுரைக்கு முன்னால் நடக்க வேண்டியவை இவை. நோவு அடங்க வேண்டும், ஆள் துணை வேண்டும், வீட்டில் அரிசி இருக்க வேண்டும். மனத்தெம்பு இவற்றின் மேல்தான் முளைக்கிறது. முளைத்தால் உடம்புக்கும் பலன் உண்டு. 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கவனிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்நாளும் நீண்டது. இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. சிரித்தால் புற்று கரையும் என்று யாரும் சொல்லவில்லை. தாங்கும்படி ஆன நாட்கள் கூடுதலாகவும் கிடைத்தன, அவ்வளவே.

கோழிக்கோட்டு விதை மலப்புறத்தில் ஊர்க்காரர்களின் கையில் மரமானது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தயாரான சாதாரண மக்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். 2003இல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவைத் தொடங்கினார். 2008இல் கேரள அரசு பாலியேட்டிவ் கவனிப்புக்கென்றே கொள்கை வகுத்தது. மார்ஃபின் வாங்குவதை எளிதாக்கும்படி 2014இல் போதைப்பொருள் சட்டமும் திருத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வரும் வலி நிவாரணக் கவனிப்பு இருக்கிறது. நம் வீட்டில் ஒருவர் துடிக்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா என்றும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.