குருப்பட்டம் பெறாதவர்களின் உரைநடை

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போய் வருகிறவன் நான். பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடம் இருக்கிறது. குருக்களை உருவாக்கும் இடம். குருவாகாதவர்களை, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரில் வாழ்ந்துகொண்டே வேதம் போதித்தவர்களை, யார் எதைக்கொண்டு உருவாக்கினார்கள் என்ற கேள்விக்குத் தமிழில் பழைய விடை ஒன்று உண்டு. நம் இலக்கியச் சரித்திரக்காரர்கள் அதைத் தேம்பாவணிக்கும் பரமார்த்த குரு கதைக்கும் நடுவே ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீரமாமுனிவர் 1727ல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’தான் அது.

வேதியர் என்ற ஆள் வீரமாமுனிவரின் கண்டுபிடிப்பல்ல. 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஊர் ஊராகப் பரதவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு நகர்ந்தபோது ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை விட்டுச் சென்றார். ஜபங்களைச் சொல்லித் தருவதும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவன் வேலை. இவர்களுடைய சம்பளத்துக்காகப் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கான வருமானத்திலிருந்து 4000 பணம் பெறப்பட்டது. பேரேட்டோடு மாரடிக்கிற எனக்கு இந்தப் பற்றுவரவு பிடித்திருக்கிறது. ஓர் அரசியின் செருப்பில் தொடங்குகிறது தமிழ்நாட்டுப் பொதுநிலையினரின் அப்போஸ்தல ஊழியக் கணக்கு.

1606ல் நொபிலி மதுரைக்கு வந்தபின் நிலைமை வேறு. உள்நாட்டில் போர்த்துக்கீசியக் கப்பலும் இல்லை, காவலும் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சந்நியாசிகள். கால்நடையாகக் கடக்க வேண்டிய பெரும் பிரதேசம். சுவாமி எப்போதோ ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் சபை என்பது வேதியர்தான். மரணப் படுக்கைக்குப் போகிறவர், சவ அடக்கம் நடத்துகிறவர், சண்டை தீர்க்கிறவர், சுவாமி வரும்போது பாவசங்கீர்த்தனத்துக்கு ஜனங்களைத் தயார் செய்து வைக்கிறவர் எல்லாம் அவரே. 1693ல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட காலத்தின் நிழல் இன்னும் விலகாதிருந்த நாட்டிற்குத்தான் 1711ல் வீரமாமுனிவர் வந்து சேர்ந்தார்.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் போதகர்கள் சில வருஷங்களிலேயே அச்சுக்கூடம் வைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டுவிட்டார்கள். மதுரை மிஷனின் வேதியர் கையிலிருந்தது ஓலை. வாதத்துக்கு ‘வேத விளக்கம்’ எழுதிய வீரமாமுனிவர், இந்த நூலில் வாதத்தைத் தேடவில்லை. எப்படி வெல்வது என்பதற்கு முன்னால் எப்படி இருப்பது என்று கேட்கிறார். இந்த வரிசை முக்கியமானது.

தலைப்பையே பாருங்கள். தமிழில் வேதியர் என்றால் பிராமணர். சேசு சபையார் தம் மதத்தை சத்திய வேதம் என்றழைத்ததால், அதை ஓதுகிறவனும் வேதியனாகிவிட்டான். பிறப்பால் வந்த பெயரைத் தொழிலால் பெற்றுவிட்டான். அடுத்த சொல் ஒழுக்கம். ஓதியதை மறந்தாலும் திரும்பக் கற்றுக்கொள்ளலாம், ஒழுக்கம் குன்றினால் பிறப்பே கெடும் என்று பார்ப்பானைக் குறித்து ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவருக்கு அது தெரியாமலிருக்க முடியாது. அந்தக் குறளை மனதில் வைத்தே அவர் தலைப்பிட்டார் என்பது என் ஊகம்தான். ஆனாலும் இரண்டு சொற்களும் பக்கத்தில் நிற்கும்போது இந்த எதிரொலியைக் கேட்காமலிருக்க முடியவில்லை.

வீரமாமுனிவரைத் தமிழ் உரைநடையின் தந்தை என்று மேடையில் சொல்வது சோம்பேறித்தனம். அண்ட்ரிக் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578லேயே அச்சாகிவிட்டது. நொபிலி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். விஷயம் வேறு. நம் உரைநடை பெரும்பாலும் செய்யுளுக்கு உரையாக, இன்னொரு பிரதியின் தோளில் சாய்ந்தே வளர்ந்தது. இங்கே அது ஒரு மனிதனை நேராகப் பார்த்து, அவன் வாழ்க்கையை மாற்றச் சொல்கிறது. செய்யுளில் தேம்பாவணி பாடியவர் வேலைக்காரனுக்கு வேண்டியது வசனம் என்று கண்டுகொண்டது ஓர் இலக்கியத் தீர்மானம். வெறும் மதப் பிரசாரமென்று தள்ளுகிறவர்களுக்கு இது பிடிபடாது. அதே சமயம், பிரசங்கியின் குரல் ஓய்வதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு உறுத்துவது, இதில் வேதியர் பேசுவதில்லை என்பது. அவருக்குச் சொல்லப்படுகிறது, அவர் சொன்னதை நாம் பெரும்பாலும் குருக்களின் கடிதங்கள் வழியாகத்தான் கேட்கிறோம். ஜாதிக்கேற்ப சந்நியாசியென்றும் பண்டாரசுவாமியென்றும் குருக்களே பிரிந்து நின்ற மிஷனில், தாழ்த்தப்பட்ட சேரிக்குள் போய்ப் போதித்த வேதியர் தன் ஒழுக்கத்தைப் பற்றித் தானே எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

எழுதவில்லை, ஆனால் காப்பாற்றினார்கள். இலங்கையில் 1658க்குப் பின் டச்சுக்காரர்கள் குருக்களைத் துரத்திவிட, 1687ல் ஜோசப் வாஸ் மாறுவேஷத்தில் போய்ச் சேரும்வரை விசுவாசத்தை வைத்திருந்தவர்கள் வீட்டுக்காரர்கள்தான். இங்கே 1773ல் சேசு சபையையே போப் கலைத்தார். 1838ல் அவர்கள் மதுரைக்குத் திரும்பும்வரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த குருக்களுக்கிடையில் ஊர்களைத் தாங்கியவர்கள் வேதியர்களும் கோவில்பிள்ளைகளும்.

1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் ஊழியத்துக்குத் தனி ஆணையே வெளியிட்டது. வீரமாமுனிவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று பெருமைப்பட இடமில்லை. அந்த ஆணையின்படி ஊழியம் செய்யும் உரிமை ஞானஸ்நானத்திலேயே வந்துவிடுகிறது, குரு கொடுத்து வருவதல்ல. 1727ன் வேதியரை சுவாமி நியமித்தார், சம்பளம் கொடுத்தார், பிடிக்காவிட்டால் நீக்கவும் செய்தார்.