எடை குறையும் முன்பே சர்க்கரை குறைந்தது எப்படி?

உடல் எடை குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "வயித்தைச் சின்னதாக்கிட்டா சாப்பாடு குறையும், எடை குறையும், சர்க்கரையும் குறையும்." இந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதி வெளிவந்த கதையை இங்கே குறித்து வைக்கிறேன்.

1954-ல் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் குழுவினர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு போகாதபடி ஒதுக்கிவிடும் முறையை விவரித்தார்கள். எடை குறைந்தது. ஆனா கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகக் கல் என்று தொல்லைகள் வரிசைகட்டி வந்ததால் பின்னாளில் அதைக் கைவிட்டார்கள். ஐயோவாவில் எட்வர்ட் மேசன், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிவதைக் கவனித்தார். 1960-களின் நடுவில் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து இரைப்பை பைபாஸை உருவாக்கினார்.

திருப்பம் 1995-ல். வட கரோலினாவின் வால்டர் போரிஸ், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரின் பதிவுகளை வெளியிட்டார். சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. அதுவும் பலருக்குச் சில நாட்களிலேயே இன்சுலின் தேவைப்படவில்லை. எடை அப்போது பெரிதாக இறங்கியே இருக்காதே!

பட்டினி கிடந்ததால்தானே குறைந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2004-ல் ரூபினோவும் மாரெஸ்கோவும் குண்டாக இல்லாத, ஆனால் சர்க்கரை நோயுள்ள எலிகளின் முன்சிறுகுடலை பைபாஸ் செய்து பார்த்தார்கள். உணவை மட்டும் குறைத்த எலிகளைவிட இவற்றுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. ஆக, குடலை மாற்றி இணைப்பதே ஏதோ செய்கிறது.

அது என்ன என்று தேடியவர்கள் மரபணுக்களிடம் போனார்கள். ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன்: அறுவை சிகிச்சை மரபணுவை மாற்றாது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும் என்பதுதான் மாறுகிறது. 2005-ல் பிரான்சில் கான்செல்லோ, கிளெமான் குழுவினர் நோயாளிகளின் கொழுப்புத் திசுவைச் சோதித்தார்கள். பைபாஸுக்கு மூன்று மாதம் கழித்து, அழற்சி செல்களை அழைக்கும் மரபணுக்களின் செயல்பாடு தணிந்திருந்தது.

2013-ல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. பாஸ்டனில் சயீதி, ஸ்டைலோபூலோஸ் குழுவினர், பைபாஸ் செய்த எலிகளின் குடல் கூடுதல் வேலைக்காகத் தடித்து வளர்வதையும், வளர்ந்த குடலில் வழக்கமாகக் காணப்படாத குளுட்-1 என்ற சர்க்கரை வாயில் அங்கே திறப்பதையும் கண்டார்கள். குடலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துச் செலவழிக்குது! ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் பாரெஸ், சீராத் குழுவினர், உடல் பருமனுள்ள பெண்களின் தசையில் பிஜிசி-1 ஆல்ஃபா, பிடிகே4 மரபணுக்களின் மீத்தைல் குறிகள் மாறியிருந்ததையும், பைபாஸுக்குப் பின் அவை பருமனற்றவர்களின் அளவுக்குத் திரும்பியதையும் காட்டினார்கள். இதில் அறுவையின் பங்கு எவ்வளவு, எடை குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் செஞ்சா நோய் போயே போச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் நீண்டகால ஆய்வில் இரண்டு வருஷத்தில் 72 சதவீதம் பேருக்கு விலகிய நோய், பத்து வருஷத்தில் 36 சதவீதம் பேருக்குத்தான் விலகியே இருந்தது. குறி திரும்பினாலும், மறுபடி மாறவும் செய்யலாம்.

ஆனால் ஒன்று உறுதி. "வாயைக் கட்டத் தெரியாதவங்க" என்று சர்க்கரை நோயாளிகளை ஏசுவதற்கு இந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை. பசியும் சர்க்கரையும் மன உறுதியால் மட்டும் ஓடுவதில்லை. குடலும் தசையும் கொழுப்பும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கின்றன.