மைக் பிரீ-ஆம்ப் வாங்கப் போறீங்களா? பர்ஸைத் திறக்கும் முன் ஃபேனை ஆஃப் பண்ணிப் பாருங்க!

அவனியாபுரத்தில் மாடி ரூம். கையில் ஒரு மைக். பாட்டு நாலு ரெடி. ஆனால் ரெக்கார்டு பண்ணிக் கேட்டால் குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்...' என்று ஓர் இரைச்சல். யூடியூபில் தேடினால், 'உங்க பிரீ-ஆம்ப் சரியில்ல ப்ரோ, இதை வாங்குங்க' என்று பத்து வீடியோ வரிசை கட்டி நிற்கும். லிங்க்கைத் தட்டினால் விலையைப் பார்த்து மயக்கமே வரும். பார்ட் டைம் வேலை பார்த்து மூணு மாசம் சேர்த்த காசு, தப்பான பெட்டிக்குப் போயிட்டா அடுத்த சான்ஸ் தீபாவளி போனஸுக்குத்தான். அதனால காசு கட்டும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

வீட்டிலேயே ரெக்கார்டு பண்ணிப் பெரிய ஆளாவது ஒண்ணும் புதுசில்லை. ஏ.ஆர்.ரஹ்மான் தன் கோடம்பாக்கம் வீட்டின் பின்பக்கம் 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' ஸ்டுடியோவை ஆரம்பித்தது 1989-ல். 'ரோஜா' வந்தது 1992-ல். லாஸ் ஏஞ்சலஸில் பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் பெட்ரூமில் உட்கார்ந்து செய்த ஆல்பம், 2020-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. அவர்களிடம் இருந்த சாமான்கள் நம்ம பட்ஜெட்டில் அடங்காது, அது வேற விஷயம். ஆனால் அன்றைக்குப் பெரிய ஸ்டுடியோக்களில் மட்டும் இருந்த ஒரு வேலையை, இன்றைக்கு உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று செய்துவிடுகிறது. அந்த வேலைதான் பிரீ-ஆம்ப்.

அது என்னதான் செய்யுது?

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ரொம்பக் கம்மி. மேடைகளில் எல்லோரும் பிடித்துப் பாடும் ஷூர் எஸ்.எம்.58 மைக்கை எடுத்துக்கோங்க. அதன் முன்னால் 94 டெசிபல் சத்தம் எழுந்தால், அதாவது நல்லாவே உரக்கப் பாடினால், வெளியே வருவது 1.85 மில்லிவோல்ட். டார்ச் லைட் பேட்டரி ஒன்று தரும் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதை அப்படியே போனுக்கோ லேப்டாப்புக்கோ கொடுத்தால் அதற்குக் காதே கேட்காது. நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கித் தருவதுதான் பிரீ-ஆம்ப். 60 டெசிபல் கெய்ன் என்று பெட்டியில் போட்டிருந்தால், ஆயிரம் மடங்கு என்று படிக்கணும்.

யு.எஸ்.பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கடையில் விற்கிறார்களே, அதற்குள்ளேயே பிரீ-ஆம்ப் இருக்கிறது. பெரிங்கர் யு.எம்.2, எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ போன்றவை பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ அதைத் தாண்டும். கைக்காசு கம்மி என்றால், தனி பிரீ-ஆம்ப் வேண்டவே வேண்டாம். இன்டர்ஃபேஸில் இருப்பதே போதும். முக்கால்வாசிப் பேர் தனிப் பெட்டியை வாங்கிவந்து, அதன் வயரை மறுபடியும் இன்டர்ஃபேஸின் மைக் ஓட்டையில்தான் குத்துகிறார்கள். அப்போது சத்தம் இரண்டு பிரீ-ஆம்ப் வழியாகப் போகிறது. கொடுத்த காசு எங்கே போச்சு என்று பெட்டிக்கே தெரியாது!

இரைச்சல் யார் போட்டது?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கோங்க.

ஒவ்வொரு பிரீ-ஆம்பும் சும்மா இருக்கும்போதே ஒரு சின்ன இரைச்சலைப் போடும். அதை ஈ.ஐ.என் என்ற எண்ணால் சொல்வார்கள். மைனஸில் இருக்கும், எண் பெரிசாகப் பெரிசாக நல்லது. 150 ஓம் மைக் ஒன்றுக்கு இயற்பியல் அனுமதிக்கும் எல்லையே ஏறக்குறைய மைனஸ் 131 டி.பி.யு. மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டுக்கு அந்த கம்பெனி சொல்லும் எண் மைனஸ் 128. அதாவது, லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் பெட்டியும் இதைவிடச் சில டெசிபல்தான் அமைதியாக இருக்க முடியும்.

அந்த மைனஸ் 128 இரைச்சலை எஸ்.எம்.58 மைக்கின் கணக்கில் போட்டுப் பார்த்தால், மைக் முன்னால் 18 டெசிபல் சத்தம் கேட்பதற்குச் சமம். மோசமான பெட்டி, மைனஸ் 120 என்று வைத்துக்கொண்டால் 26 டெசிபல். இப்போ நம்ம ரூமுக்கு வாங்க. எல்லோரும் தூங்கிய பிறகு அமைதியான அறையிலேயே 30 டெசிபல் இருக்கும். சீலிங் ஃபேன் ஓடினால் 40-ஐச் சாதாரணமாகத் தாண்டும். பக்கத்திலேயே மதுரை ஏர்போர்ட், விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது எந்தக் கணக்கும் உதவாது. தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்கு ஊரே திரண்டு நிற்கும்போது மைக்கை உறைக்குள் போட்டுவிட்டு நீங்களும் வேடிக்கை பார்க்கப் போயிடுங்க.

ஆக, நீங்கள் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' பெரும்பாலும் பிரீ-ஆம்ப் போட்டதில்லை. ஃபேனும் தெருவும் காங்கிரீட் சுவரும் சேர்ந்து போட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு டெஸ்ட். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பத்து நொடி சும்மா ரெக்கார்டு பண்ணுங்க. பிறகு ஃபேனைப் போட்டு இன்னொரு பத்து நொடி. இரண்டையும் ஹெட்போனில் கேளுங்க.

இன்னொரு இலவச வைத்தியமும் உண்டு. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். ரெண்டு சாண் தள்ளியிருந்த மைக்கை அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். மேலே பார்த்த நல்ல பெட்டிக்கும் மோசமான பெட்டிக்கும் நடுவில் இருந்த வித்தியாசமே 8 டெசிபல்தான். 'ப', 'ட' எழுத்துகளில் காற்று முட்டினால் மைக்கைக் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்து வையுங்க.

அப்போ எந்தப் பெட்டி வாங்கினாலும் ஒண்ணா?

இல்லை. என்ன ரெக்கார்டு பண்ணப் போறீங்க, எந்த மைக் என்பதைப் பொறுத்தது.

பறை, தவில், நாதஸ்வரம் என்றால் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. கெய்ன் நாப் கீழேயே கிடக்கும். பிரீ-ஆம்ப் இரைச்சலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இங்கே பிரச்னை தலைகீழ். நாபை முழுசாகக் குறைத்தும் சிவப்பு லைட் எரிந்தால், மைக்கைத் தள்ளி வைக்கணும். கானா, நாட்டுப்புறப் பாட்டு, ராப் மாதிரி வாய்விட்டுப் பாடுபவர்களுக்கும் மலிவான பெட்டியே தாராளம்.

மெதுவாகக் கதை சொல்கிறவர்கள், கிசுகிசுத்துப் பேசும் பாட்காஸ்ட்காரர்கள்தான் உஷாராக இருக்கணும். யூடியூபர்கள் எல்லோரும் முன்னால் வைத்திருக்கும் ஷூர் எஸ்.எம்.7பி மைக்கைப் பார்த்து ஆசைப்படாதீங்க. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேணும் என்று ஷூர் கம்பெனியே சொல்கிறது. எம்-ட்ராக் சோலோ தருவது 54. மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ தருவது 56. பற்றாக்குறையைச் சரிக்கட்ட கிளவுட்லிஃப்டர் என்று 25 டெசிபல் தரும் இன்னொரு பெட்டி. மைக்கும் விலை, அதைத் தாங்க வாங்கும் பெட்டியும் விலை.

மெல்லிய குரல்காரர்களுக்கு மலிவான வழி, கண்டென்சர் மைக். ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 அதே சத்தத்துக்கு 14 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்.எம்.58-ஐவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரீ-ஆம்ப் வியர்க்கவே வேண்டாம். ஆனால் இதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் கட்டாயம். பெட்டியில் '48' என்று பட்டன் இருக்கிறதா என்று பாருங்க. ஆன்லைனில் '48 வோல்ட் சப்ளை' என்று தனியாக விற்கும் கறுப்புப் பெட்டி பிரீ-ஆம்ப் இல்லை. அது கரண்ட் மட்டும்தான் கொடுக்கும், சத்தத்தைப் பெருக்காது. பி.எம்-800 மைக்கோடு இதை வாங்கி, போனில் சொருகி, 'சவுண்டே வரல' என்று புலம்புபவர்கள் ஏராளம்.

குரல் மட்டும்தான், அதுவும் போனிலோ லேப்டாப்பிலோ என்றால், சாம்சன் க்யூ2யு, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் மாதிரி யு.எஸ்.பி-யும் எக்ஸ்.எல்.ஆர்-உம் சேர்ந்த டைனமிக் மைக்குகள் இருக்கின்றன. பிரீ-ஆம்ப் மைக்குக்குள்ளேயே. பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்.எல்.ஆர் வயரில் மாட்டிக்கலாம். முதல் தடவை வாங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வயரில்தான் வில்லங்கம்

நம்ம ஊர் மேடை மைக்குகளோடு வரும் வயரைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரு முனையில் மூன்று ஓட்டை எக்ஸ்.எல்.ஆர், மறுமுனையில் தடித்த கிட்டார் பின். அதை இன்டர்ஃபேஸில் சொருகினால் அழகாக உட்காரும். ஆனால் பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் அந்தத் தடித்த பின் ஓட்டை கிட்டாருக்கும் கீபோர்டுக்குமானது. மைக் பிரீ-ஆம்ப் அந்தப் பக்கம் இல்லவே இல்லை. நாபை முழுசாகத் திருகினாலும் சத்தம் ஈனஸ்வரத்தில்தான் வரும், கூடவே இரைச்சலும். புதுப் பெட்டி தேடுவதற்கு முன், இரண்டு முனையிலும் எக்ஸ்.எல்.ஆர் உள்ள வயர் ஒன்று வாங்குங்க. பாதிப் பேருக்குப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

'உய்ங்...' என்று ஒரே சுருதியில் கேட்டால் அது வேறு வியாதி. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜரும், எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பிரீ-ஆம்ப் மாற்றினாலும் அது போகாது.

போனில் ரெக்கார்டு பண்ணுபவர்கள், ஓ.டி.ஜி-யில் பெட்டிக்குத் தேவையான கரண்ட் வருகிறதா என்று பார்க்கணும். போன் பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை என்றால், தனி கரண்ட் உள்ள யு.எஸ்.பி ஹப் ஒன்று நடுவில் தேவைப்படலாம். டவுன் ஹால் ரோடு கடைக்கோ, வேறு எங்கேயோ போகும்போது உங்கள் போன், உங்கள் மைக், உங்கள் ஹெட்போன் மூன்றையும் எடுத்துட்டுப் போங்க. மைக்கை மாட்டி, நாபை மெதுவாகக் கடைசி வரை திருகிக் கேளுங்க. மலிவான பெட்டிகளில் கடைசிக் கொஞ்சத்தில் மட்டும் இரைச்சல் குப்பென்று ஏறும். அந்த இடத்துக்குக் கீழேயே உங்கள் குரல் போதுமான அளவு வந்துவிட்டால் பெட்டி உங்களுக்கு ஓ.கே. மீட்டரில் அதிகபட்சக் குரல் மைனஸ் 12-ஐ ஒட்டி நின்றால் போதும், சிவப்பைத் தொடவே வேண்டாம்.

புதுசு வாங்கவே காசில்லையா? ஏரியாவில் மைக்செட் வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டுப் பாருங்க. கோயில் திருவிழாவுக்கு ஓடி ஓய்ந்த பழைய மிக்ஸர் ஏதாவது மூலையில் கிடக்கும். அதன் ஒவ்வொரு மைக் சேனலிலும் ஒரு பிரீ-ஆம்ப் உண்டு. யு.எஸ்.பி உள்ள மாடலா, 48 வோல்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கோங்க. எல்லாச் சேனலும் வேலை செய்யணும் என்று இல்லை, உங்களுக்கு ஒண்ணு போதும். நாபைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் முகத்தைச் சுளிக்காதீங்க, விலையைக் குறைக்க அதுதான் நல்ல சாக்கு.