கையால் எழுதிய ஒரு வழி

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. உலகப் பொது நேரப்படி மாலை 6.47-க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் யூடியூப் திறக்கவில்லை. அதன் கணினிகள் எதுவும் பழுதாகவில்லை. அவற்றுக்குச் செல்லும் வழிதான் வேறு திசைக்குத் திரும்பியிருந்தது.

இரண்டு நாட்களுக்கு முன்னர், மதத்தை இழிவுபடுத்தும் காட்சி இருப்பதாகக் கூறி, அத்தளத்தைத் தடை செய்யும்படி பாகிஸ்தான் தொலைத்தொடர்பு ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. இத்தகைய தடைக்கு வழக்கமான உத்தி, ரௌட்டரில் கையால் ஒரு வரி எழுதுவது. 'இன்ன முகவரிகளுக்கு வரும் பொதிகளை இன்னாரிடம் கொடு' என்னும் அந்த வரியை ஸ்டேட்டிக் ரூட் என்பார்கள். எழுதியவர் அழிக்கும்வரை அது மாறாது. தொலைவில் பாதை அறுந்தாலும் அதற்குத் தெரியாது. 'இன்னாரிடம்' என்ற இடத்தில் 'நல்' என்று எழுதிவிட்டால் பொதிகள் அங்கேயே மடியும். கணினித் துறை நண்பர் இதை விளக்கியபோது எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. அங்கே வழி சொல்பவன் தான் சென்று பரிசில் பெற்று மீண்டவன். இங்கே அந்த நிபந்தனை இல்லை.

நாட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டிய வழி, பாகிஸ்தான் டெலிகாம் வாயிலாக அயல்நாட்டு இணைப்பு நிறுவனமான பிசிசிடபிள்யூவுக்கு அறிவிப்பாகச் சென்றது. அது சரிபார்க்காமல் ஏற்று உலகுக்குப் பரப்பியது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. பாகிஸ்தானிலிருந்து வந்ததோ அதற்குள் அடங்கிய 256 முகவரிகள். இரண்டு வழிகள் பொருந்தினால் குறுகிய எல்லையைச் சுட்டுவதையே ரௌட்டர் தேர்ந்தெடுக்கும். ஊர் மட்டும் எழுதிய குறிப்பைவிடத் தெருவும் எழுதிய குறிப்பைத் தபால்காரர் நம்புவதைப் போலத்தான். தெருவை எழுதியவர் யார் என்று ரௌட்டர் கேட்பதில்லை.

கேட்காததற்கு ஒரு வரலாறு உண்டு. வலையமைப்புகள் தம்முள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையை, 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் நடந்த கூட்டத்தின்போது, கிர்க் லாக்ஹீடும் யாக்கோவ் ரெக்டரும் உணவு மேசைக் கைக்குட்டைத் தாள்களில் வரைந்தார்கள். வலையமைப்புகளை நடத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. அண்டையார் பொய் சொல்லக்கூடும் என்ற ஐயத்துக்கு அந்த வரைவில் இடமில்லை.

மீட்சியும் அதே விதியைக் கொண்டுதான் நடந்தது. இரவு 8.07-க்கு யூடியூப் அதே 256 முகவரிகளைத் தானும் அறிவித்தது. இரண்டும் சமமான அகலம் என்பதால் சில ரௌட்டர்களே திரும்பின. 8.18-க்கு அதை 128 வீதம் இரண்டாகப் பிளந்து அறிவித்தது. அவை இன்னும் குறுகியவை. 9.01-க்கு இணைப்பு நிறுவனம் பாகிஸ்தானிலிருந்து வந்த தவறான அறிவிப்பை விலக்கிக்கொண்டது.

பழியைக் கையால் எழுதிய வரியின்மேல் போடுவது எளிது. என் பார்வையில் அது நியாயமன்று. இன்றும் சிறு அலுவலகங்களில் வெளியுலகுக்குச் செல்லும் ஒரே வாசலைக் காட்டுவது பெரும்பாலும் அத்தகைய வரிதான். தன் எல்லைக்குள் அது குற்றமற்றது. வாசலில் நின்று சரிபார்த்திருக்க வேண்டியவர் சரிபார்க்கவில்லை. 2012-இல் ஆர்பிகேஐ என்னும் சான்று முறைக்கான வரையறைகள் வெளியாயின. ஒரு முகவரித் தொகுதியை அறிவிக்க யாருக்கு உரிமை என்பதை அது கையொப்பத்தால் உறுதிசெய்கிறது. இடையில் பொதி கடந்துசெல்லும் வழி முழுவதையும் அது சோதிப்பதில்லை.