செம்பியத்து டிராக்டரும் இரண்டு கியர் ராடுகளும்



மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டர் இன்னும் உழுகிறது. மகன் கியர் போட்டால் 'நறநற'ன்னு சத்தம். "கியர் பெட்டி போச்சு சார், வித்துடலாமா?" என்றார். பெட்டி போகவில்லை. அது எப்படி வந்த பெட்டி என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

1946இல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் பெர்குசன் டி.இ.20 டிராக்டர் உற்பத்தியானது. முன்னே செல்ல 4 கியர், பின்னே செல்ல 1. ராடு ஒன்றே ஒன்று. அந்த ராடை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கியரில் கிடக்கும் வண்டி திடீரென்று பாய்ந்து ஆளைக் கொல்லக் கூடாது என்பதற்கான காவல் அது.

1953இல் பெர்குசன் கம்பெனி மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. பின்பு வந்த 35இல் இரண்டாவது ராடு சேர்ந்தது. 1960இல் அமால்கமேஷன்ஸ் குழுமம் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கி, நம் வட சென்னையில், பெரம்பூரை அடுத்த செம்பியத்தில், மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யலாயிற்று.

இரண்டாவது ராடு எதற்கு? முதல் ராடில் முன்னே 3, பின்னே 1. இரண்டாவது ராடு 'ஹை', 'லோ' என்று மாற்றும். லோவில் போட்டால் வேகம் நாலில் ஒரு பங்காகும், இழுவை கூடும். ஆக முன்னே 6, பின்னே 2. உழவுக்கு லோ, ரோட்டுக்கு ஹை.

இந்தப் பெட்டியில் பல்சக்கரங்கள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். காரில் இருப்பதுபோல் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் கிடையாது. ஆகவே வண்டியை நிறுத்துங்கள். கிளட்சை முழுக்க மிதித்து, மூன்று எண்ணி, பிறகு ராடைத் தள்ளுங்கள். விழவில்லையா? முரட்டுத்தனம் வேண்டாம், கிளட்சை விட்டு மறுபடி மிதியுங்கள்.

உயிர் போவது இறக்கத்தில்தான். டிரெய்லரில் பாரம் ஏற்றி ஏரிக்கரை இறங்கும்போது கியர் மாற்றப் போனால், பழைய கியர் கழன்றுவிடும், புதியது விழாது. பாரம் பின்னாலிருந்து தள்ளும். எஞ்சினின் பிடிப்பு போய் பிரேக் மட்டுமே மிஞ்சும். ஆகவே இறங்குமுன் மேட்டிலேயே நிறுத்தி, சின்ன கியரைப் போட்டுக்கிட்டு இறங்குங்கள். டீசல் மிச்சம்னு நியூட்ரலில் விடவே கூடாது. ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் சேர்த்துவிடுங்கள்.

மீஞ்சூர்த் தம்பி பத்து நிமிடம் பழகினார். சத்தம் நின்றது, வண்டியை விற்கவில்லை.