குரல்வளைக் கட்டிகள் பெயர்பெற்ற வரலாறு

நோய்க்குப் பெயரிடுதல் ஏட்டளவில் நின்றுவிடுந் தொழிலன்று. பெயரை ஒட்டியே சிகிச்சை அமையும். பெயர் தவறின் சிகிச்சையுந் தவறும். குரல்வளையில் அரிதாகத் தோன்றும் ஒருவகைக் கட்டிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குரல்வளைப் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை அதன் உட்புறத்தைப் போர்த்துள்ள தட்டைக் கலங்களிலிருந்து எழுவன. ஆயின், சில கட்டிகளின் கலங்கள் நரம்புக் கலத்தின் இயல்பையும் ஓமோன் சுரக்குங் கலத்தின் இயல்பையும் ஒருங்கே காட்டும். இவை நரம்பகச்சுரப்புக் கட்டிகள் எனப்படும்.

இவற்றின் முதற்பெயர் குடலிலிருந்து வந்ததாகும். 1907ஆம் ஆண்டிலே சீக்பிரீட் ஓபர்ன்டோர்பர் என்னும் ஜெர்மானிய நோயியலறிஞர், சிறுகுடலில் மெல்ல வளருஞ் சில கட்டிகளைக் கண்டு, அவை புற்றை ஒத்திருப்பினும் அதன் கொடுமை இல்லாதன எனக் கருதிக் ‘காசினொயிட்’ என்று பெயரிட்டார். புற்றுப்போலி என்பது அதன் பொருள். அவற்றுட் சில பரவவும் வல்லன என்பதை 1929இல் அவரே ஒப்புக்கொண்டார். எனினும் அம்மென்மையான பெயரே நிலைத்துவிட்டது.

1969இல் கோல்ட்மன், ஹூட், சிங்கிள்டன் ஆகியோர் குரல்வளையிலும் காசினொயிட் தோன்றுதலை எடுத்துக்காட்டினர். 1972இல் ஒலொப்சனும் வான் நொஸ்ட்ராண்டும் மிகக் கொடியதான சிறுகலப் புற்றை அங்கே விவரித்தனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வகையே பெருங்குழப்பம் விளைத்தது. பரகங்கிளியோமா என்பது குரல்வளையிற் பெரும்பாலுந் தீங்கற்ற வேறொரு கட்டி. நுணுக்குக்காட்டியில் இடைப்பட்ட வகை அதனையே ஒத்துத் தோன்றும். ஆதலாற் கொடிய பரகங்கிளியோமா என முன்னர்ப் பதிவானவற்றுட் பல, உண்மையில் இவ்வகையினவே எனப் பின்னாய்வுகளாற் புலனாயிற்று. கெரற்றின் என்னும் புரதத்தைக் காட்டுஞ் சாயமுறை இவ்விரண்டையும் பிரித்தறிய உதவியது. அப்புரதம் பரகங்கிளியோமாவிற் பொதுவாகக் காணப்படுவதில்லை. 1988இல் வெனிக், ஹையம்ஸ், ஹெவ்னர் ஆகியோர் இடைப்பட்ட வகையில் 54 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இவற்றை ஒழுங்குபடுத்திய உலக சுகாதார நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டு நூல், சிங்கப்பூர்ப் பேராசிரியர் சண்முகரத்தினத்தின் பெயரால் வெளிவந்தது. அவர் இலங்கைத் தமிழ் மரபினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. காசினொயிட், இயல்பு பிறழ்ந்த காசினொயிட், சிறுகலப் புற்று, பரகங்கிளியோமா என நான்கு பிரிவுகள் அதில் அமைந்தன. இப்பிரிவின் பயன் யாது? முதலாவதற்குக் கட்டியை அகற்றுதலே பெரும்பாலும் போதும். இரண்டாவதற்குக் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்ற வேண்டிவரும். மூன்றாவதற்கோ கதிர்ச்சிகிச்சையும் மருந்துகளுமே முதன்மையானவை. ஒன்றை மற்றொன்றெனக் கொண்டால், நோயாளி வேண்டாத சத்திரசிகிச்சைக்கு ஆளாவார். அன்றேல் வேண்டிய சிகிச்சையை இழப்பார்.

2017இல் காசினொயிட் என்பது முதன்மைப் பெயராகும் நிலையை இழந்தது. இடைப்பட்ட வகையுள் அடங்கிக் கிடந்த பெருங்கலப் புற்றும் அவ்வாண்டிலேயே தனியே பிரிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தம், கலங்கள் பிரியும் வேகம் முதலியவற்றை நோக்கி, கட்டிகளை மூன்று படிகளாகவும் புற்றுக்களைச் சிறுகலம், பெருங்கலம் என இரண்டாகவும் வகுத்தது.

புற்றுப்போலி என்ற பெயரின் குறையை அதனை இட்டவரே இருபத்திரண்டு ஆண்டுகளில் உணர்ந்தார். குரல்வளை நோயேடுகளில் அது பின்தள்ளப்படுதற்கோ மேலும் எண்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. பிழையைக் காண்டலினும், வழக்கூன்றிய சொல்லை நீக்குதல் அரிது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.