தேளுக்கு ஊர்ப்பெயர், நஞ்சுக்கு வேற்றுப்பெயர்

நெய்வேலிப் பக்கம் முந்திரிச் சருகு கூட்டுகிறவர்களுக்கும் செங்கல் அடுக்கைப் புரட்டுகிறவர்களுக்கும் இரண்டு தேள் தெரியும். நட்டுவாக்காலி பெரிசு, கறுப்பு, பார்த்தாலே பயம். ஆனால் ஆளைச் சாய்ப்பது சிறிசாயிருக்கும் செந்தேள்தான். இந்தப் பாகுபாடு எந்த விலங்கியல் பிரதியிலிருந்தும் வந்ததல்ல. விலங்கியல் செந்தேளைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டதே 1798இல்தான். டேனிஷ்காரர் ஃபப்ரீசியஸ் வைத்த பெயர் ‘டாமுலஸ்’, அதாவது தமிழுக்குரியது. தரங்கம்பாடி டேனிஷ் வசமிருந்த காலம். இக்கரையின் பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பிய மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பிடித்துக் கொடுத்த கை யாருடையது, கொட்டு வாங்கியது யார் என்பதற்கெல்லாம் வகைப்பாட்டியலில் இடம் கிடையாது.

1990இல் அமெரிக்காவின் மெர்க் ஆய்வாளர்கள் இதே தேளின் நஞ்சிலிருந்து 37 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். வைத்த பெயர் ஐபீரியோடாக்சின். தமிழ்த் தேளுக்குள் ஸ்பெயின் தீபகற்பம் எப்படிப் புகுந்ததோ! நெய்வேலிக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் மண் நம்முடையது, கரண்ட் ஊருக்கெல்லாம்.

நரம்புச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாய்க்கால்கள் பலவகை. கால்சியம் ஏறினால் திறக்கிற பெரிய மதகு அதில் ஒன்று. துடித்த செல்லை அடக்கி அடுத்த துடிப்புக்கு ஆயத்தப்படுத்துவது அது. இந்தத் துணுக்கு அந்த மதகை மட்டும் தேடிப்போய் அடைக்கிறது. எந்த மின்னோட்டம் எந்த வாய்க்காலுடையது என்று பிரித்துப் பார்க்கச் சோதனைக்கூடங்களுக்கு நல்ல கருவி கிடைத்தது.

மதகுக்கான மரபணு 1991இல் பழ ஈயில் கண்டறியப்பட்டது. மனித மரபணுத் திட்டத்தின் பத்தாண்டு அது. ‘எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்கு’ என்ற பெருங்கதையாடல் கொடிகட்டிப் பறந்தது. பிறப்புதான் தொழிலையும் தகுதியையும் தீர்மானிக்கும் என்று காலங்காலமாய் ஓதிவந்த சமூகத்தில் இது புதுச்சட்டை போட்ட பழைய குரல். ஆனால் 1998இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷீயும் மெக்காபும் காட்டியது வேறு. மரபணு ஒன்றே, அதன் நகலைச் செல் பலவிதமாக வெட்டி ஒட்டுகிறது. எலியின் அட்ரினல் சுரப்பியில் நரம்புக்குப் பங்காளியான செல்கள் உண்டு. அங்கே நகலில் ஒரு குறிப்பிட்ட துண்டு சேருமா விடுபடுமா என்பதில் நெருக்கடிக் கால ஹார்மோன்களின் கை இருக்கிறது. பிட்யூட்டரியை அகற்றினால் துண்டு குறைகிறது, ஏ.சி.டி.ஹெச். ஹார்மோன் கொடுத்தால் குறைவதில்லை. துண்டு சேர்ந்த மதகு செல்லை அடுக்கடுக்காகத் துடிக்கவிடும். எலியிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியின் உடலுக்கு ஒரே தாவாகத் தாவ நான் தயாரில்லை. பிறப்பு என்கிற ஒற்றை ஆசிரியன் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

கொட்டு வாங்கியவர்களின் கதை தனியாக நடந்தது. செந்தேள் நஞ்சில் உயிருக்கு உலைவைப்பவை முக்கியமாக வேறு நச்சுகள். அவை சோடிய வாய்க்காலை மூடவிடுவதில்லை. அட்ரினலின் வெள்ளமாய்ப் பாய்கிறது; வேர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிரத்து மஹாடில் வைத்தியம் பார்த்த பவாஸ்கர் தம்பதியர், பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இதற்குக் கேட்கும் என்று 1986இல் லான்செட்டில் எழுதினார்கள். மெர்க்கின் துணுக்கு பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால்.

நெய்வேலியில் வட்டத்துக் குவார்ட்டர்ஸ்காரருக்குக் கட்டில் உண்டு. ஆர்ச் கேட்டுக்கு வெளியே கூரை வீட்டில் தரையில்தான் பாய். ராத்திரி கொட்டினால் மந்திரிக்கிறவரிடம் ஓடுகிறவர்கள் இன்னமும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.